எழுவைதீவுப் பெயர்கள்

'ஓம்' என்று அமத்தினால் எல்லாம் போய்விடும். இந்தக் கணினி உதவி கேட்கவில்லை. தனக்கு விளங்காததைத் துடைத்துவிட அனுமதி கேட்கிறது.

நாகபூசணி புதிய கணினியின் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பழையதில் எழுதிய பிளொப்பியைப் போட்டதும், வாசிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டு நின்றது. இரண்டும் வேறு வேறு முறையில் ஓடுகிற பெட்டிகள். ஒன்று எழுதியது மற்றதற்குப் பிடிபடாது.

"அதுதானே கேக்குது பிள்ளை, ஓமெண்டு அமத்துமன்," என்றார் நிவாரண அலுவலகப் பொறுப்பாளர் கனகசபை.

"அமத்தினா லிஸ்ட் முழுக்க அழிஞ்சிடும் சேர்."

பிளொப்பியை வெளியே எடுத்தாள். புயலில் வள்ளம் இழந்த அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் அதற்குள் இருந்தன. நாளைக் காலை பட்டியல் அரச அதிபரின் கச்சேரிக்குப் போகவேண்டும். அச்சடிக்கும் இயந்திரமோ புதியதோடுதான் ஓடும். பழையதை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப் போக லொறி வாசலில் நின்றது.

இரண்டு பெட்டிகளின் முதுகையும் ஒரு வயரால் இணைத்தாள். பட்டியலின் கோடு, கட்டம் எதுவும் போகாது. வெறும் எழுத்துப் போகும். பெயருக்கு அது போதும். முன்பென்றால் 'சரிதானே?' என்று யாரையாவது திரும்பிப் பார்த்திருப்பாள். இன்று திரும்பத் தோன்றவில்லை. அது அவளுக்கே புதினமாக இருந்தது. முதலில் புளியங்கூடல் ஊர்ப் பெயர்கள் வரி வரியாக வந்து இறங்கத் தொடங்கின.

லொறிக்கார இன்னாசித்தம்பி தலையை நீட்டினான். "என்ன தங்கச்சி, ரெண்டு பெட்டிக்கும் இன்னும் சம்பந்தம் பேசி முடியேல்லையோ?"

"அது முடிஞ்சுது அண்ணை. இப்ப சீதனம் வந்துகொண்டிருக்கு."

கனகசபைக்குச் சிரிப்பு வரவில்லை. "அஞ்சு மணிக்குப் பிறகு மண்டைதீவுச் சென்றியில ஆமிக்காரர் லொறியை விடமாட்டாங்கள். எவ்வளவு மிச்சம்?"

"எழுவைதீவு மட்டும். கால் மணித்தியாலம் காணும்."

"அதை அடுத்த முறை பாப்பம். வந்ததை அனுப்புவம். வயரைக் கழட்டும்."

எழுவைதீவுப் படிவங்கள் வள்ளத்தில் நனைந்து கூழாகி வந்தவை. வெயிலில் பிடித்து ஒவ்வொரு பெயராக அவள்தான் வாசித்து எடுத்தாள். வாசித்த கையோடு தாள் பிய்ந்தது. இந்தப் பெட்டி போய்விட்டால் அந்தப் பிளொப்பியை வாசிக்க இந்தத் தீவில் வேறு பெட்டி இல்லை. அடுத்த முறை வருமென்று கனகசபையும் நம்பியிருக்கமாட்டார்.

"ஏலாது சேர்."

குரல் உயரவில்லை. கதிரையை இழுத்து, வயருக்கும் அவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.