பஞ்சா, ஃபில்டரா

என் மைத்துனன் திடீரென்று நல்லவனாகிவிட்டான். அன்றிலிருந்துதான் நான் ஜாக்கிரதையாக இருக்க ஆரம்பித்தேன்.

அவன் எங்கள் இசைக்குழுவின் டிரம்மர். குழுவை நடத்துவதும் அவன்தான். என் மனைவி அவனுடைய அக்கா, மேடையில் முன்னால் நின்று பாடுகிறவள். நான் சவுண்டுக்காரன். அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சரோடு உட்கார்ந்து, இவர்கள் மேடையில் போடும் சத்தத்தை மனிதர்கள் கேட்கிற மாதிரி ஆக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது என் வேலை. பாட்டு நன்றாக இருந்தால் அவளுக்குக் கைதட்டுவார்கள். மோசமாக இருந்தால் எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பி என்னைப் பார்க்கும். இந்த நியாயத்துக்கு நான் பழகிவிட்டேன்.

போன வாரம் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, எந்நேரமும் இந்தச் சத்தத்துலயே கெடக்கோம். எல்லாருக்கும் இயர்பிளக் வாங்கிரலாம். காதுல வெச்சுக்கிட்டா காது கெடாது. நானே வாங்கித் தர்றேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். முக்கியமா உங்களுக்கு."

அந்த 'முக்கியமா'வில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு டீ வாங்கித் தரச் சொன்னாலே சட்டைப்பையைத் தடவிவிட்டு வானத்தைப் பார்க்கிறவன் அவன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆடு என்ன செய்ய வேண்டும்? நான் வயரைச் சுருட்டினேன்.

காரணம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். கொஞ்ச நாளாகவே என் நாற்காலிக்கு அடியில் யாரோ குழி தோண்டுகிறார்கள். ஒரு அரங்கத்தின் மேனேஜர் நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "சவுண்டு காதக் குத்துது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கழுத்தில் அட்டை மாட்டியவருக்கெல்லாம் இசை ஞானம் வந்துவிடுகிறது, என்ன செய்ய. அடுத்த நிகழ்ச்சிக்கு மைத்துனன் தன் சிநேகிதன் என்று ஒருவனைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிற்க வைத்தான். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மா பாக்கறேண்ணே" என்றான். சும்மா பார்க்கிறவன் எதற்காக ட்ரெபிள் திருகையே முறைத்துப் பார்க்க வேண்டும்? ஓசையின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற திருகு அது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு சவுண்டுக்காரனின் கைப்பக்குவமே இருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவும் தம்பியும் சமையலறையில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு கத்தரித்தது போல நின்றுவிடும். உடனே இரண்டு பேரும் சேர்ந்து குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

இவர்கள் போதாதென்று மாடி வீட்டுக்காரர் வேறு. நான் படுத்ததும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மெல்லிசாக விசிலடிக்க ஆரம்பித்துவிடும். மாடி ஏறிப்போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். மனிதர் முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "எங்க வீட்ல அப்படி ஒரு சத்தமும் இல்லீங்களே" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம் எங்கும்தான் இருக்கிறது.

ஆக, என்னை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு லேப்டாப்காரனை உட்கார வைக்கப் போகிறார்கள். இது எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. மனைவி பாடப் போவாள், நான் வீட்டில் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இயர்பிளக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பிடிபடவில்லை. கடைக்குப் போனால் தெரிந்துவிடும் என்று மைத்துனனோடு போனேன். என் மனைவியும் கூட வந்தாள்.

கீழே செல்போன் ரிப்பேர் கடை, மாடியில் இசைக்கருவிக் கடை. சுவர் முழுக்க கிட்டார்கள் தொங்கின. கடையைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணா" என்றாள் மைத்துனனிடம். பிறகு என்னைப் பார்த்து, "இவங்கதானா?"

இவங்கதானா. முன்பின் பார்க்காத பெண், என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறாள். நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

கண்ணாடி மேஜைமேல் அவள் இரண்டு வகையை எடுத்து வைத்தாள். ஒன்று மஞ்சள் நிறப் பஞ்சு. விரலால் உருட்டி மெலிதாக்கிக் காதுக்குள் விட்டால், அது உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று சிலிக்கான், சின்னச் சின்னக் குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியது போல இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதற்குள் ஃபில்டர்.

"பஞ்சு ஃபேக்டரிக்குச் சரிப்படும் சார்" என்றாள். "ஆனா கூர்மையான சத்தத்தத்தான் அது ரொம்ப முழுங்கும். டிரம்ஸ்ல தட்டுற சிம்பல் தட்டு, பாடுறவங்களோட 'ஸ்' சத்தம் எல்லாம் மங்கிரும். இந்த ஃபில்டர் எல்லாத்தையும் ஏறக்குறைய சமமா கொறைக்கும். பாட்டு பாட்டாவே இருக்கும், சத்தம் மட்டும் அடங்கும்."

"எது வெல ஜாஸ்தி?"

"ஃபில்டர்தான் சார்."

"அதான பாத்தேன்" என்றேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் சவுண்டுக்காரனாக இருக்க முடியாது. கடையின் மூலையில், வாங்குகிறவர்கள் கேட்டுப் பார்ப்பதற்காக ஒரு சின்ன மிக்சரும் ஸ்பீக்கரும் வைத்திருந்தார்கள். என் செல்போனில் என் மனைவி பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. எந்த ஊர் ஸ்பீக்கராக இருந்தாலும் அதைப் போட்டுத்தான் சோதிப்பேன். எந்த வரிக்கு முன்னால் அவள் மூச்சு வாங்குவாள், எங்கே மைத்துனன் சிம்பலைத் தட்டுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைச் சத்தமாகவே ஓடவிட்டுப் பஞ்சைக் காதில் வைத்தேன்.

சத்தம் குறைந்தது. அவ்வளவுதான். எதுவும் மங்கவில்லை. அடுத்து ஃபில்டரை வைத்தேன். அதிலும் சத்தம் குறைந்தது. சிம்பல் பஞ்சில் எப்படி இருந்ததோ அதே மாதிரிதான் ஃபில்டரிலும் இருந்தது.

"ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "பஞ்சு எதையும் முழுங்கவும் இல்ல, ஒங்க கொட எதையும் காப்பாத்தவும் இல்ல."

அந்தப் பெண் மைத்துனனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தான். என் மனைவி கிட்டார்களைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கமிஷன். அக்கா, தம்பி, கடைக்காரி மூன்று பேரும் கூட்டு.

"என்கிட்ட குடுங்க" என்று மனைவி வாங்கினாள். பஞ்சை வைத்துக்கொண்டு கொஞ்சம் கேட்டாள். "போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு." ஃபில்டரை வைத்தாள். "இது நல்லா இருக்குங்க. எல்லாம் கேக்குது."

சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள். அது மட்டுமா, காதில் இருப்பது பஞ்சா சிலிக்கானா என்று தொட்டாலே தெரியுமே. எனக்கா தண்ணி காட்டுகிறார்கள்? இவர்கள் பொய்யை இங்கேயே உடைப்பது என்று முடிவு செய்தேன்.

"ரெண்டையும் எடுத்து வெச்சிரு" என்றேன். "வெறுங்காதோட அந்தச் செவுத்தப் பாத்து நில்லு. மாப்ள, நீயும்தான். பாட்டுல எதாவது மாறுனா சொல்லுங்க. எதக் காதுல வெச்சா எது போகும்னு கண்டுபிடிக்கற காது எவ்வளவு பெரிய காதுன்னு பாத்துரலாம்."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார்கள். நான் மிக்சரை முதுகால் மறைத்துக்கொண்டு ட்ரெபிள் திருகில் கை வைத்தேன். முதலில் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பொறி. பொய் சொல்கிறவள் சும்மா இருக்கமாட்டாள், எதையாவது சொல்லியே தீருவாள். பாட்டு ஓடியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சரி என்று திருகை மெதுவாகக் கீழே இறக்கினேன். ஓசையில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் இறக்கினேன், கடைசி வரைக்கும். பாட்டு அப்படியே இருந்தது. டெமோவுக்கு வைக்கிற சாமானில் நல்ல சாமானை யார் வைப்பார்கள், செத்த திருகு என்று நினைத்தேன்.

"ட்ரெபிள எடுத்துட்டீங்களே" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

என் கை அப்படியே நின்றது. அவள் திரும்பவில்லை. எதிரே கண்ணாடி எதுவும் இல்லை. நான் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இப்ப வந்துருச்சு."

மறுபடி இறக்கினேன். "போயிருச்சு" என்றாள். கொஞ்சமாக ஏற்றினேன். "பாதி வந்துருக்கு" என்று மைத்துனன் சொன்னான். என் விரலில் நடப்பதை அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்கள். திருகைப் பிடித்திருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு எப்போது கேட்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. மேலே ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு இடத்தில் அவள் குரலுக்கு ஒரு விளிம்பு வந்தது, சிம்பல் பளிச்சென்றது. அப்பாடா, இதுதான் என் சவுண்டு, இப்போதுதான் பாட்டு உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன். மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மைத்துனன் தோளைக் குறுக்கினான். கடைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

குனிந்து திருகைப் பார்த்தேன். அது மேல் கோடியில் முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் அதுதான்.

பாட்டை நிறுத்தினேன். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாவே" என்றாள் மனைவி. பக்கத்தில் வந்து நின்றாள். "மாடி வீட்ல ஃபிரிட்ஜே கெடையாதுங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்த விசில் ஒங்க காதுக்குள்ளதான் இருக்கு."

"நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா மாமா?" என்றான் மைத்துனன். "பொறாமைல பேசுறேன்னு சொல்லியிருப்பீங்க. ரெண்டையும் போட்டுப் பாத்தா ஒங்களுக்கே தெரிஞ்சிரும்னுதான் கூட்டியாந்தோம்."

நம்பியிருக்கமாட்டேன்தான். "அந்த லேப்டாப்காரன்?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும்தான் குத்துதா, இல்ல நெசமாவே குத்துதான்னு தெரியணும்ல. அதுக்குத்தான் வரச்சொன்னேன்."

"இனிமே அவன்தான் உக்காருவானா?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், ஆனால் மூக்கு அடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

"நீங்கதான் உக்காருவீங்க" என்றாள் மனைவி. "எந்த மைக் எப்ப கத்தும், எவன் வயரு எப்ப புடுங்கிக்கும்னு ஒங்களுக்குத் தெரியற மாதிரி யாருக்குத் தெரியும்? ஆனா ட்ரெபிளுக்கு மட்டும் நான் சொல்றதக் கேக்கணும். மேடைலருந்து ஒத்திகைலயே காட்டுவேன். காட்டுன எடத்துல வெச்சுட்டுக் கைய எடுத்துரணும்."

கடைக்காரப் பெண் ஃபில்டர் ஜோடியை என் பக்கம் நகர்த்தினாள். "போனது திரும்பி வராது சார். மிச்சம் இருக்கறத வெச்சுக் காப்பாத்திக்கணும். காது டாக்டரையும் ஒரு தடவ பாத்துருங்க."

"எனக்குப் பஞ்சும் இதுவும் ஒண்ணுதான?" என்றேன்.

"இன்னைக்கு ஒண்ணா தெரியுது சார். இன்னும் போச்சுன்னா பேச்சே புரியாமப் போயிரும்" என்றாள். அதில் விற்கிற தோரணை எதுவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நிகழ்ச்சி. ஒத்திகையில் அவள் மேடையிலிருந்து பாடிக்கொண்டே விரலைக் கீழே காட்டினாள். இறக்கினேன். இன்னும் காட்டினாள். இன்னும் இறக்கினேன். பாட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போல இருந்தது எனக்கு. அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைக் கவிழ்க்கிறார்களோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. பிறவிக் குணம், பொங்கல் வைத்தாலும் போகாது.

சாயங்காலம் அரங்கம் நிறைந்தது. சிலிக்கானைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பாட ஆரம்பித்தாள். என் கை தானாகத் திருகுக்குப் போனது. எடுத்தேன். மறுபடி போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு முன்னால் கடைசி வரிசையில் ஒரு அம்மாள், மடியில் பையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, பேசாதே என்று அவர் கையைத் தட்டினாள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது. முன் வரிசைக்குக் கேட்கிறது, வாசலில் நிற்கிற காவல்காரருக்குக்கூடக் கேட்கிறது. என் மனைவி பாடுவது அந்த அரங்கத்தில் எனக்கு மட்டும்தான் முழுசாகக் கேட்கவில்லை. நன்றாகப் பாடுகிறாள் என்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.