சிட்டிபாபுவின் மூன்று நிமிடம்

புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் ஷோபா முடிபோட்டுக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சட்டை, செருப்போடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்த போன். நெஞ்சு வலி என்று ராத்திரி போனவனை விடிந்ததும் புத்தலப்பட்டுக்கு இப்படிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். போனுக்கு என்ன தெரியும், அதுபாட்டுக்கு அடித்தது.

எடுத்தாள். பம்பு கம்பெனியில் உதிரிபாகம் வாங்கும் பிரிவில் இருக்கும் ஹரிபாபு.

"மேடம், கொட்டேஷன் இன்கா ராலேது, இன்னும் வர்ல. பன்னெண்டுக்கு சைட்டு மூடிக்கும். அப்பறம் நானே நெனச்சாலும் ஆவாது. சார் இல்லியா?"

"நான் அனுப்பறேன் சார்" என்றாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

இழவு வீட்டில் பெண்டாட்டிக்காரி எழுந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் போனால் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "இப்ப இன்னா அவசரம் இவளுக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இந்த ஆர்டர் வந்தால்தான் வீட்டை ஒட்டிய லேத் பட்டறை அடுத்த வருஷமும் ஓடும்.

பட்டறையில் கடைவது அவள் புருஷன் சிட்டிபாபு, விலை போடுவது ஷோபா. பம்புக்குள் போகிற பித்தளை புஷ் வளையத்தின் அளவுகளைச் சாப்ட்வேரில் கொடுத்தால், எத்தனை கிராம் பித்தளை, எவ்வளவு கரண்ட், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று அதுவே கணக்குப் பார்த்து விலை சொல்லிவிடும். உள்துளை கடைவதற்கு மட்டும் ஐந்து நிமிடம் என்று அது சாதிக்கும். ஷோபா அதை அழித்துவிட்டு மூன்று என்று போடுவாள். சிட்டிபாபு கடைந்தால் மூன்றுதான். பக்கத்தில் நின்று நேரம் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"மெதுவா செய்யி மாமா, கம்ப்யூட்டர் கோச்சிக்கும்" என்பாள்.

"கோச்சிக்கட்டும். அதுவா வந்து எனக்கு சோறு போடப்போவுது" என்பான், தலையைத் தூக்காமல்.

அந்த இரண்டு நிமிட வித்தியாசத்தில்தான் வருஷா வருஷம் ஆர்டர் அவர்களுக்கு வந்தது.

நேற்று சாயங்காலம் அவள் போட்டு வைத்தது திரையில் அப்படியே இருந்தது. உள்துளை, மூன்று நிமிடம். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அவளுடைய அண்ணன் முரளிதரன் பின்னாலேயே வந்து நின்றார்.

"அதையே அனுப்பிடும்மா. மச்சான் பேருக்கு வந்துக்கினு இருந்த ஆர்டரு. மொதல்ல வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"யாருண்ணா கடையறது?"

முரளிதரன் வாசல் பந்தலைப் பார்த்தார். பட்டறையில் கூட வேலை பார்க்கும் ரவி, பந்தலடியில் மாலையும் கையுமாக நின்றிருந்தான். ஷோபா அவனைக் கூப்பிட்டாள்.

"ரவி, இந்தத் தொளை கடைய உனக்கு எவ்ளோ நேரம் ஆவுது?"

"அண்ணன் டைமே போடுங்க அண்ணி."

"உன் டைமத்தான் கேட்டேன்."

"ரெண்டு மாசத்துல புடிச்சிடுவேன் அண்ணி."

"இன்னிக்கி எவ்ளோ ஆவுது, அத்த சொல்லு."

அவன் மாலையின் நாரை முறுக்கிக்கொண்டே நின்றான். "அஞ்சு" என்றான். சொன்னதும் முகம் கோணிக்கொண்டது. அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டவன் மாதிரி விசும்பினான். ஷோபாவுக்கு அவனோடு சேர்ந்து ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

மூன்று என்று அனுப்பினால் நாளைக்கு இவனை அந்த மூன்றுக்குள் நெருக்கவேண்டி வரும். லேத்தில் அவசரப்பட்டவர்களின் விரல்களை அவள் பார்த்திருக்கிறாள். ஐந்து என்று அனுப்பினால் ஆர்டர் வேறு யாருக்காவது போய்விடலாம். அழிக்கும் பட்டன்மேல் விரலை வைத்தாள், அழுத்த மனம் வரவில்லை. சிட்டிபாபு இன்னும் இருக்கிறான் என்று அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஓர் எண்தான். கூடத்தில் ஒப்பாரி ஓய்ந்து மறுபடி தொடங்கியது. அவள் மூன்றை அழித்து ஐந்து என்று போட்டாள்.

விலை ஏறியது. அதைக் கம்பெனி சைட்டில் ஏற்றினால், அது வாங்கிக்கொள்ளவில்லை. போன வருஷத்தைவிட விலை கூடியிருக்கிறது, காரணம் தேவை என்று சிவப்பாக ஒரு கட்டம் வந்து நின்றது.

"பித்தள வெல ஏறிப்போச்சுன்னு போடும்மா. எல்லாரும் அத்ததான் போடறாங்க" என்றார் முரளிதரன்.

ஷோபா கேட்டுக்கொண்டாள். கட்டத்தில் நீளமாக என்னவோ எழுதினாள். ஆஸ்பத்திரி, ராத்திரி, நெஞ்சு வலி எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அழித்தாள். பிறகு, கடைபவர் மாறிவிட்டார் என்று மட்டும் எழுதினாள்.

சிவப்புக் கட்டம் உடனே மறைந்தது. அதற்கு அவ்வளவு போதுமாயிருந்தது.