வெர்னா இரண்டு பேரான வசந்தம்

கேசினோவை மூடிய மூன்றாம் நாள் காலையில் வெர்னா டிஃபோ இரண்டு பேராக எழுந்தாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையாத மார்ச் மாதம். கட்டிலின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவருக்கும் அதே நரைத்த பின்னல், அதே முட்டிவலி. யார் காபி போடுவது என்று கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. பிறகு ஆளுக்கொரு கோப்பையோடு வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அமெரிக்காவுக்குள் தங்களுக்கென்று தனி அரசு நடத்தும் பழங்குடிகளான கறுப்பு ஆற்று ஓஜிப்வே மக்களின் கேசினோவை மூடும்படி வெளியார் யாரும் சொல்லவில்லை. கொள்ளைநோய் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது என்றதும் அவர்களுடைய சபையே கூடி மூடியது. மூடப் போனபோதுதான் கதவுகளுக்குப் பூட்டே கிடையாது என்பது தெரிந்தது. திறந்த நாளிலிருந்து இரவும் பகலும் ஓடிய இடத்தில் பூட்டுக்கு என்ன வேலை? காவலாளிகள் படகுச் சங்கிலியால் கட்டிவிட்டு வந்தார்கள். மருத்துவமனை, முதியவர்களின் மதியச் சாப்பாடு, சிறுநீரகம் கெட்டவர்களை ரத்தம் சுத்திகரிக்க நகரத்துக்கு அழைத்துப்போகும் வேன், எல்லாமே அந்தச் சூதாட்ட வருமானத்தில்தான் நடந்தன. வரி வாங்க வழியில்லாத அந்த அரசுக்கு அதுதான் வரி. வேனில் போகிறவர்களில் ஒருவர் வெர்னாவின் அண்ணன் ரே. வேன் நின்றால் ரே பிழைக்கமாட்டார். இதை வாஷிங்டனுக்குப் புரியவைத்து நிவாரணம் வாங்குவது வெர்னாவின் பொறுப்பு. பல வருடங்களாகச் சபையின் சார்பில் அங்கே போய்ப் பேசிவந்தவள் அவள்தான். இப்போது பயணங்கள் நின்றுபோய், பேச்செல்லாம் கணினித் திரையில்.

அரசுகளுக்கான நிவாரணப் பிரிவில் கேட்டால், நீங்கள் சூதாட்ட விடுதி நடத்துகிறவர்கள், வியாபாரிகள் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் ஓர் அரசு, அதிலும் சூதாட்டம், உங்களுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். ஆகவே இரண்டு பேரானது வசதியாகத்தான் இருந்தது. ஒருத்தி தங்கள் மரபுப்படி ரிப்பன் தைத்த பாவாடை உடுத்தி அரசாகப் பேசினாள், மற்றவள் கேசினோ கோட்டு மாட்டிக்கொண்டு வியாபாரமாகப் பேசினாள். சிக்கல் என்னவென்றால், இரண்டில் எது தான் என்று வெர்னாவுக்கே தெரியவில்லை. பாவாடைக்காரி சாப்பிட்டால் கோட்டுக்காரிக்கு வயிறு நிறைந்தது; கோட்டுக்காரி தூங்கினால் பாவாடைக்காரிக்குக் கனவு வந்தது. ரே இருமினால் மட்டும் இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

ஒருநாள் பிரெஸ்காட் என்ற அதிகாரி இருவரையும் ஒரே திரையில் அழைத்தார். ஓஜிப்வேக்கள் வாய் திறந்தால் முதலில் பெயர், குலம், தாய், ஊர் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பேசுகிறவரை யாரும் மனிதராக மதிப்பதில்லை. பாவாடைக்காரி சொன்னாள்: வெர்னா, மரநாய்க் குலம், ஜோசெட் மகள், கறுப்பு ஆறு. கோட்டுக்காரியும் பிசகாமல் அதையே சொன்னாள். ஒரே ஆள் இரண்டு மனு போட்டிருக்கிறார் என்று பிரெஸ்காட் இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டார். அந்த வாரமே வேன் நின்றது.

இனி ஒருத்திதான் பேச வேண்டும் என்றாகிவிட்டது. யார் என்று முடிவுசெய்ய, செருப்புகளுக்கு அடியில் சின்ன ஈயக் குண்டுகளை ஒளித்துக் குறிபோட்ட குண்டைக் கண்டுபிடிக்கும் பழைய ஆட்டத்தை ஆடினார்கள். ஒருத்தி ஒளித்த இடம் மற்றவளுக்குத் தெரிந்தே இருந்ததால் யாரும் தோற்கவில்லை. வீங்கிய கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தபடி ரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே களவாணி. இதுக்கு முடிவே வராது, விடுங்க."

"நீ சும்மா இருண்ணே. ஒனக்காகத்தான் ஆடுறோம்."

"நான் போனப்புறமும் ஆடிட்டுத்தான் இருப்பீங்க போல."

அவர் சிரித்தார். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

மறுபடி மனு போட்டு இருவரும் பிரெஸ்காட்டின் முன்னால் உட்கார்ந்தபோது பாவாடைக்காரி வழக்கம்போல எல்லாம் சொன்னாள். பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டார் அவர். கோட்டுக்காரி வாயைத் திறந்தாள். வெர்னா பிறந்ததிலிருந்து தாயின் பெயரைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

"நான் யாருமில்ல சார். கேமரா சரியாத் தெரியுதான்னு பாக்க வந்தேன்."

பாவாடைக்காரிக்கு அழுகை வந்தது. கோட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. திரையில் தெரிந்துவிடுமே என்று பிடிக்கவில்லை.

கறுப்பு ஆறு ஓர் அரசுதான் என்று உத்தரவு வந்தது. முன்பு திரையில் காணப்பட்ட இரண்டாவது பெண் இல்லாதவர் எனக் கருதப்படுவார் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நிவாரணம் வந்தது, வேனுக்கு டீசல் வந்தது. ஓட்டுநர்கள்தான் நோயில் படுத்திருந்தார்கள். இல்லாதவருக்கு வேறு வேலை எதுவும் இல்லாததால் அவளே சாவியை எடுத்துக்கொண்டாள். பிறகு நோய் ஓய்ந்தது, கேசினோ திறந்தது. வெர்னா மட்டும் ஒன்றாகவில்லை. ஊரும் அதைப் பெரிதுபடுத்தாமல், விருந்துக்குச் சொல்லும்போது டிஃபோ வீட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைத்தது. ஓட்டுநர்கள் தேறி வந்தபிறகும் ரே அவர்களோடு போக மறுத்துவிட்டார்.

"இல்லாதவதான் நல்லா ஓட்டுறா. இருக்கிறவ பிரேக்கை மிதிச்சே என்னைக் கொன்னுடுவா" என்று சொல்லிவிட்டு, முன் இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.