டாம்சனின் குளம்பில் செம்மண்

முன்னூறு வருஷத்துப் பண்ணை வீடு, குதிரை லாயம், அறுபது ஏக்கர் நிலம். எல்லாவற்றையும் விற்பதற்காகப் படமெடுக்க வந்த தரகன் பிரெஸ்காட், லாயக் கதவின்மேல் தொங்கிய ஓட்டைக்கல்லைக் கழற்றிக் குளத்தில் எறிந்துவிட்டான். எங்கள் டார்செட் பக்கத்தில் எந்தக் குதிரைக்காரரும் செய்யாத காரியம். அந்தக் கல் இல்லாவிட்டால் இரவில் ஏதாவது வந்து குதிரைமேல் ஏறிப் போகும் என்பார்கள்.

"அசிங்கமா இருந்துச்சு மேடம். பாக்க வர்றவங்க பில்லி சூனியம்னு நெனப்பாங்க."

"உன் மூஞ்சியும்தான் அசிங்கமா இருக்கு. அதையும் குளத்துல போடவா?" என்றேன்.

மறுநாள் காலை, வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்னால் பிரெஸ்காட்டோடு போய் லாயத்தின் பூட்டைத் திறந்தேன். எங்கள் குதிரை டாம்சன் மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் வியர்வை, வாயெல்லாம் நுரை. பண்ணையை விற்கவே கூடாதென்று என்னோடு மல்லுக்கு நின்ற என் கணவர் ஆம்ப்ரோஸைத் தவிர, அது யாரையும் முதுகில் ஏற்றியதில்லை.

"பூட்டித்தானே வச்சிருந்தீங்க?" பிரெஸ்காட்டின் குரல் இறங்கிவிட்டது.

"சாவி ராத்திரி பூரா என் தலகாணிக்கு அடியில இருந்துச்சு."

அவன் குனிந்து குளம்பைத் தொட்டான். விரலில் ஈரச் செம்மண் ஒட்டியது. எங்கள் நிலமோ முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு மண்.

"இந்த மண்ணு எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

குன்றின்மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் அந்த மண். போன மாதம் ஆம்ப்ரோஸைப் புதைத்துவிட்டு வந்து, அதைத்தான் என் பூட்ஸிலிருந்து கழுவினேன்.