வெறும் வயிறு

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறும்வரை கெஞ்சவ்வா அந்த ஒற்றைப் பாடத்தைத்தான் உருப்போட்டாள்: "என் புருஷன் வெங்காய மூட்டையோடு சந்தைக்குப் போனார்." சரக்குக்காரன் தன் சரக்கோடு வண்டியில் போய்ச் செத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரும். ஆள் ஏற்றிக்கொண்டு எல்லம்மா கோயில் ஜாத்திரைக்குப் போகும் வழியில் அந்தச் சரக்கு டெம்போ கவிழ்ந்தது என்று தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்; பாரம் முழுக்க வண்டிக்காரன் தலையில் விழும். அந்த வண்டிக்காரன் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி யமனப்பா. செத்தவனா வந்து மறுக்கப் போகிறான் என்று ஊரே தைரியம் சொல்லியிருந்தது.

கம்பெனி வக்கீல் தேசாய் அதட்டவே இல்லை.

"ஏன் தாயி, அன்னைக்குப் புருஷனுக்கு ரொட்டி போட்டியா?"

யாரும் சொல்லித்தராத கேள்வி. "போட்டேன்யா."

"வயிறு காலின்னு பிரேதப் பரிசோதனை செஞ்ச டாக்டர் எழுதியிருக்காரே. மூட்டை தூக்கப் போற மனுஷனைப் பட்டினியா அனுப்புற பொம்பளையா நீ?"

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ரொட்டி தட்டித் தட்டியே கை காய்த்தவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நானா பட்டினி போட்டேன்? அம்மனுக்குப் படைக்காம பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னவரு அவரு! விடியுமுன்னே எந்திரிச்சு படையலுக்கு ஹோளிகை சுட்டு மூட்டை கட்டிக் குடுத்தேன்!"

"போதும் தாயி" என்று தேசாய் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரே பெஞ்சில் இருந்த யமனப்பா தலையைத் தூக்கவில்லை. பாழாய்ப்போன ரோஷம், நாக்கில் வந்து உட்கார அதற்கு வேறு நேரமா இல்லை!

தீர்ப்பன்று அவளுடைய வக்கீல் சொன்னார்: "ஜெயிச்சாச்சு தாயி. கம்பெனி மட்டும் தப்பிச்சுக்கிச்சு. தொகையை உன் தம்பி கட்டணும். இல்லேன்னா வண்டி ஜப்தி."

"எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்யா."

"உன் பங்கை விடலாம். உன் பிள்ளைங்க பங்கை விட உனக்கு அதிகாரம் இல்லம்மா."

கோர்ட் வாசலில் யமனப்பா வண்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கண்டவன் வந்து இழுத்துட்டுப் போறதை என்னால பாக்க முடியாதுக்கா. நீயே வித்துக்கோ."

"டேய், நான் வேணும்னா சொன்னேன்?"

அவன் பஸ் நிலையம் பக்கம் நடந்தான்.

அடுத்த நாக பஞ்சமிப் பண்டிகைக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பிகள் வந்து பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கெஞ்சவ்வா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளுக்கு ரொட்டி போட்டாள். அவள் சாப்பிடவில்லை.