மாப்பிள்ளை எழுத்தில் ஒரு போஸ்டர்

எங்கள் போஸ்டர் கடையில் அந்தக் குண்டு எழுத்துருவுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். வைத்தது நான்தான். தொப்பை தள்ளிய உடம்பு, முனையெல்லாம் முறுக்கு மீசை, ஒவ்வொரு கோட்டின் அடியிலும் பட்டையாய் ஒரு பூட்ஸ். போஸ்டரின் உச்சியில் உட்கார வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பொடியாகப் போட்டால் மெல்லிய கோடெல்லாம் மறைந்து பொக்கை வாய் ஆகிவிடும். மாபெரும் தள்ளுபடி, திறப்பு விழா, இதற்குத்தான் ஐயா லாயக்கு. துக்கத்துக்கு ஆகவே ஆகாதவர். பதினான்கு வருடமாகப் போஸ்டர் போடுகிறேன், இதுகூடவா தெரியாது எனக்கு?

எதிர்க்கடை டெய்லர் அண்ணனின் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, கொஞ்ச நாளாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்துகொண்டு போனவர் திரும்பவில்லை. அன்றே அடக்கமான கறுப்பு எழுத்தில், பெரிய போட்டோவோடு ‘காணவில்லை’ போஸ்டர் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாளாகியும் ஒரு போன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். “இது யார் கண்ணுலயும் படலம்மா. பக்கத்துல நீ போட்ட துணிக்கடைத் தள்ளுபடி போஸ்டரைத்தான் நின்னு பாக்கறாங்க. அந்தக் குண்டு எழுத்துலயே போட்டுடு.”

“அண்ணே, அது சிரிக்கற எழுத்து. ‘காணவில்லை’ன்னு அதுல போட்டா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இருக்கறதுக்கா போடறோம்?”

எனக்கு வாய் நீளம்தான். ஆனாலும் மாப்பிள்ளையைத்தான் எடுத்தேன்.

‘பச்சைக் கோட்டு’ என்பதையும் பெரிதாகப் போடச் சொன்னார். காணாமல் போன அன்றைக்கு அக்கா போட்டிருந்தது, அண்ணனே தைத்தது. மாப்பிள்ளைக்கு இடம் விட்டதில் அக்காவின் போட்டோ தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. என் கையால்தான் சுருக்கினேன்.

மறுநாள் அண்ணன் கடையில் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

“இல்லீங்க, இது கடை இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணன். முதல் ஆள் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கேட்டாராம். அடுத்தவள் சிவப்புக் கோட்டு இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கி, “கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கீங்க?” என்று கத்தினேன். அவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? பஸ்ஸில் போகிறபோது பார்த்திருப்பாள். அந்த எழுத்தைக் கண்டாலே பர்ஸைத் தொடும்படி ஊரைப் பழக்கி வைத்தது நான்தானே.

“எல்லாத்தையும் கிழிச்சிட்டு மாத்திப் போட்டுடறேண்ணே.”

“வேணாம்மா. இப்பதான் போனே அடிக்குது.”

மறுபடியும் அடித்தது. அண்ணன் செருமிக்கொண்டு எடுத்தார்.

“சைஸுங்களா? முப்பத்தாறு. இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதுக்கேத்த மாதிரி தச்சது. விக்கறதுக்கு இல்லீங்க. அதைப் போட்டுக்கிட்டு யாராவது போறதைப் பாத்தா, ஒரு இடத்துல உட்கார வச்சுட்டு இதே நம்பருக்குச் சொல்லுங்க.”