இரண்டு பட்டியலிலும் இல்லாத பாலம்

நகராட்சி தன் திட்டத்தை அனுப்பும். ஊராட்சிகள் தங்கள் திட்டத்தை அனுப்பும். இரண்டையும் ஒட்டிப் பார்த்து மாவட்டத்துக்கு ஒரே திட்டமாக்குவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. கிராமப் பட்டியல் அவளுடையது. எதிர் மேசையில் நகரப் பட்டியல் அவள் கணவருடையது. எல்லையோரத்து வேலைகள் எப்போதும் இரண்டிலும் வரும். ஒன்றில் அடித்துவிட்டு, ஓரத்தில் 'மற்றப் பட்டியலில் உள்ளது' என்று எழுத வேண்டும். அதற்காக அவர் வாய்விட்டு வாசிப்பார். அவள் விரல் வைத்துத் தேடுவாள்.

"உன் ரோடு என் எல்லையில வந்து முட்டிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் வழி விடேன்" என்பார்.

"உங்க சாக்கடைய எங்க வாய்க்கால்ல விட்டுட்டு வழி வேற கேக்கறீங்களா" என்பாள்.

நகரமும் கிராமமும் வீட்டுக்குப் போனால் ஒரே உலையில்தான் வேகின்றன என்று அலுவலகமே சிரிக்கும்.

அவர் போய் ஐந்து மாதமாகிறது. நகரத்தின் கடைசித் தெருவுக்கும் முதல் கிராமத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் தாழ்ந்த தரைப்பாலம். வெள்ளம் அதை மூடியிருந்த ஒரு பிற்பகலில், அந்தப் பக்கம் வேலையாகப் போய்விட்டு வண்டியில் திரும்பியவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. வண்டி அன்றே கிடைத்தது. அவர் மூன்றாம் நாள் கிடைத்தார்.

அங்கே உயரமான பாலம் வேண்டுமென்று அதற்கு முந்தைய வருடமே இரு பக்கத்தாரும் எழுதியிருந்தார்கள். பிறகு ஏன் திட்டத்தில் வரவில்லை என்று கிராமத்தார் மனு கொடுக்க, அலுவலகக் கண்காணிப்பாளர் பழைய கோப்புக் கட்டுகளை எடுத்துவரச் சொன்னார்.

நகரப் பட்டியலில் பாலம் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்து: மற்றப் பட்டியலில் உள்ளது. அவள் அவசரமாகக் கிராமப் பட்டியலைப் புரட்டினாள். அதிலும் அடித்திருந்தது. அதே வாசகம், அவள் கையெழுத்தில். இரண்டிலும் ஒரே தேதி.

அன்று இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசிப்பும் இல்லை, தேடலும் இல்லை. அவரவர் பட்டியலை அவரவரே முடித்தார்கள். பாலம் வந்த இடத்தில், இதற்காகப் போய் வாய் திறப்பானேன், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எதிரில் அவரும் அதையேதான் செய்திருக்கிறார்.

கண்காணிப்பாளர் ஈரமுள்ள மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நகரப் பட்டியல்ல தவறுதலா அடிபட்டுப் போச்சு, பார்த்தவர் காலமாகிட்டார்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. போனவரை யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. உன் பட்டியலை நான் பார்த்துக்கறேன்."

அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரம் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. பிறகு நான்கே வரி எழுதிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பட்டியலிலும் அடிபட்டது. கிராமப் பட்டியலில் அடித்தது நான்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு உனக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார். அவர் மட்டும் தப்பு பண்ணினார்னு என் கையால எப்படி எழுதுவேன்? ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தோம். அதைச் சொல்லிக்கத்தான் இல்ல."

"அப்படி என்னம்மா சண்டை?"

"வீட்டுச் சாவிய உள்ளயே வெச்சுப் பூட்டினது யாருன்னு."

அவர் பேனாவை எடுத்தார். "யாரு?"

"நான்தான் சார். அன்னிக்கு ஒத்துக்கல."

கண்காணிப்பாளர் தாளில் கையெழுத்திட்டார். அந்த வருடம் பாலம் கிராமப் பட்டியலில் ஏறியது. மெமோ பத்தாம் நாள் வந்தது. நகரப் பட்டியலுக்குப் புதிதாக வந்திருந்தவர்தான் கொண்டுவந்து நீட்டினார். அவள் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.